மெட்ராஸ் மீனுக்கு ஆயாசம்

மீன் வளர்ப்பைப் பற்றித் தெரியாதவர் ஹைதராபாத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டு மீன் சாகக் கிடந்த மூன்று வாரங்களில் நான் கண்டுபிடித்தது இது. லிஃப்டில் கூட வருபவருக்குத் தெரிந்திருந்தது. ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரிந்திருந்தது. இன்டர்நெட் சரிசெய்ய வந்தவர் ஒயரைத் தொடுவதற்கு முன்னாலேயே தொட்டியைப் பார்த்துவிட்டு, "வேப்பாக்கு வேயண்டி மேடம்" என்று வேப்பிலை வைத்தியம் சொன்னார். என்ன செய்தால் உயிரோடு இருக்கலாம் என்பது அந்த மீனுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து பதினோரு வருடமாகிறது. வீடு திருமுல்கேரியில், பழைய காலனிக்குள் புதிதாக முளைத்த ஒரு அபார்ட்மெண்டில். கணவர் குஷாய்குடாவில் அரசு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினீயர். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது என் தொழில். வீட்டில் அதற்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் விடாமல் செய்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். கோபமென்றால் ஆங்கிலத்தில் வரும். தமிழில் வந்ததே இல்லை.

தினமும் நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் செய்வேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா எடுத்து அவளிடம் கொடுப்பார்.

"சாப்பிட்டியா?"

"தின்னானு."

"என்ன சாப்பிட்ட?"

"அன்னம்."

எங்கள் வீட்டின் தமிழ்க் கல்வி இவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் அவளிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஒரு பாஷைகூடக் கொடுக்கத் துப்பில்லையா என்று அதற்கு அர்த்தம்.

பிறந்தநாளுக்கு மீன் வேண்டும் என்றாள். மெயின் ரோட்டில் இருக்கும் மீன் கடைக்குப் போனோம். ஆரஞ்சு நிறத்தில், தொப்பையும் முழித்த கண்ணுமாக ஒன்று இருந்தது. கடைக்காரர் அதைப் பெருமையாகக் காட்டி, "மெட்ராஸ் மால், மேடம். ட்ரெயின்லோ ஒச்சிந்தி" என்றார். மெட்ராஸ் சரக்கு, ரயிலில் வந்ததாம். மகள் யோசித்தாள். பிறகு என்னிடம், "அம்மா, தீனிகி தெலுகு ராதா?" என்று கேட்டாள். இதற்குத் தெலுங்கு வராதா?

நான் பொய் சொல்லத் தயங்குகிறவள்தான். ஆனால் கடவுளே கொண்டுவந்து கையில் வைத்த வாய்ப்பு அது. "வராதும்மா. பாவம், அதுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும்" என்றேன்.

அன்று மாலையே அது பலித்தது. அடுப்படியில் நின்று கேட்டேன். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ரகசியம்போல, "சாப்பிட்டியா?" என்றாள் மகள். அச்சு அசலாக எங்கள் ஊர் இழுவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, பிள்ளை தமிழ் பேசுகிறாள் என்று சொன்னேன். யாரிடம் என்று அக்கா கேட்டாள். அதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாதம் சொர்க்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மீனிடம் போவாள், "சாப்பிட்டியா?" என்பாள், பிறகு தட்டுத்தடுமாறி ஏதேதோ சொல்வாள். எங்கள் இருவரிடமும் அவள் தமிழ் பேசாததற்குக் காரணம் எளிது. எங்களுக்குத் தெலுங்கு புரியும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு வழியே இல்லாத தமிழர் அந்த மீன் ஒருவர்தான்.

ஐந்தாவது வாரம் அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தது. துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி வெளுத்தது. மகள் என்னைப் பார்த்து, "சச்சிபோதுந்தா?" என்றாள். செத்துவிடுமா என்று கேட்கிறாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன். மீன் போனால் போகட்டும், கடையில் நூறு இருக்கிறது. இவளுடைய தமிழ் அதோடு போய்விட்டால் எந்தக் கடையில் வாங்குவது?

கணவர் வீடியோ பார்த்தார். இன்ஜினீயர்கள் அப்படித்தான், சந்தேகம் வந்தால் மனிதரிடம் கேட்கமாட்டார்கள். முதல் வீடியோவில் வந்தவர், கல்லுப்பு போடாதவன் மீன் வளர்க்கவே லாயக்கில்லை என்றார். போட்டோம். இரண்டாவது வீடியோவில் வந்தவர், உப்புப் போடுகிறவன் கொலைகாரன் என்றார். தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினோம். யார் சொல்வது சரி என்று கணவரைக் கேட்டேன். "ரெண்டாவது ஆளுக்குத்தான் லைக் ஜாஸ்தி" என்றார். நாட்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்து கொடுக்கிற மனிதர் இவர்.

அடுத்து, போனில் ஒரு மீன் வளர்ப்போர் குழுவில் சேர்ந்தேன். நிலைமையை நாலு வரியில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதினாலு பதில். ஒருவர் மஞ்சள்தூள் என்றார். ஒருவர் காய்ந்த பாதாம் இலை என்றார். ஒருவர், குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள், உங்கள் பிள்ளைக்கு ஒரு தண்ணீர் மீனுக்கு ஒரு தண்ணீரா என்று என் மனசாட்சியை உலுக்கினார். ஒருத்தருக்காவது தொட்டி எத்தனை பெரிசு என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் வரிசையாக எல்லாவற்றையும் செய்தேன். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் முன்னால் மீன் பக்கெட்டுக்குப் போகும், தொட்டி பளபளவென்று கழுவப்படும், ஃபில்டர் பஞ்சு குழாயடியில் பிழியப்படும். சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

மீன் கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு நீல மருந்து கொடுத்தார். எத்தனை சொட்டு என்று கேட்டதற்கு, நீலமாகிற வரைக்கும் என்றார். தண்ணீர் நீலமானது, சுவர் நீலமானது, என் சுடிதார் நீலமானது. மீன் மட்டும் ஆரஞ்சாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குழுவில் ஒருவர், மீன் கடை மருந்தெல்லாம் கலப்படம், மனிதருக்கான மருந்துக் கடையில் கேளுங்கள் என்று எழுதினார். காலனி முனையில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன். பதினோரு வருடத்தில் சேர்த்துவைத்த தெலுங்கையெல்லாம் திரட்டி, "சேப மந்து காவாலி" என்றேன். சேப என்றால் மீன், மந்து என்றால் மருந்து. மீன் மருந்து வேண்டும். இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மருந்துக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதி ஜூன்லோ கதா, மேடம்" என்றார். மீன் மருந்துக்குக்கூட இந்த ஊரில் சீசன் இருக்கிறதா என்று வியந்தேன். அடுத்து அவர் கேட்டார்: "எவரிக்கி ஆயாசம்?"

தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. யாருக்குக் களைப்பு என்று இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆபீஸில் கேட்டதில்லை, வீட்டில் கேட்கவே மாட்டார்கள். மருந்துக் கடையில் ஒரு அந்நியர் கேட்கிறார். "நாகே" என்றேன். எனக்குத்தான்.

எப்போதிலிருந்து என்றார். "பெள்ளி நுஞ்சி" என்றேன். கல்யாணமானதிலிருந்து. மறைப்பானேன்?

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தூசியில் நிற்காதீர்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம், தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், எதற்கும் ஒரு நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்றெல்லாம் சொன்னார். களைப்புக்கு இவ்வளவு வைத்தியமா என்று நெகிழ்ந்துபோய், மீனுக்கு வந்ததை மறந்து, ஒரு தைல டப்பாவோடு திரும்பினேன்.

வேலைக்கு வரும் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு. சேப மந்து என்றால் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான்: ஜூன் மாதம் மிருகசீரிஷத்தன்று, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கூட்டம் கூட்டமாக வரிசையில் நின்று, வாயில் மருந்து வைத்த ஒரு சின்ன உயிர் மீனை விழுங்குவார்கள். நான் மீனுக்கு மருந்து கேட்டேன். இந்த ஊரில் மீனே மருந்து.

மூன்று நாளில் காலனி முழுக்க எனக்கு ஆஸ்துமா. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தார். கீழ்வீட்டுக்காரர் படியில் கைகொடுக்க வந்தார். கல்யாணமானதிலிருந்து என்ற விவரமும் கூடவே போயிருந்ததால், என் கணவரைப் பார்க்கிற பார்வையிலும் ஒரு மாற்றம் இருந்தது. அதை மட்டும் நான் திருத்தப் போகவில்லை.

செய்தி பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போயிருக்கிறது. அங்கேதான் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். லாலாகுடாக்காரர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். இவரும் அங்கேயே ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிறார். என்னைவிடச் சின்னவர்.

"இன்னாக்கா, உங்களுக்கு மூச்சுத் தொந்தரவாமே?"

"எனக்கில்லம்மா, எங்க வீட்டு மீனுக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். "மீனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றார்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் தெரியாது என்கிறார். அந்த இடத்திலேயே காலில் விழலாமா என்றிருந்தது. "ஆனா தண்ணி இன்னா தண்ணின்னு பாக்கலாம். நாளைக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் வந்தார். தொட்டியைப் பார்ப்பதற்கு முன், பக்கத்தில் நான் அணிவகுத்து வைத்திருந்த உப்பு, மஞ்சள், நீல மருந்து, இலை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"இது மீன் தொட்டியா, மெடிக்கல் ஷாப்பா? கைக்கு இத்தினி மருந்து?" கைக்கு என்றால் லாலாகுடாத் தமிழில் எதற்கு.

குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். வரும் வழியில் அதே மீன் கடையில் வாங்கினாராம். நீல மருந்துக்குப் பின்னால் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சொட்டு விட்டு ஆட்டினார். மஞ்சளாகவே இருந்தால் நல்ல தண்ணீர். எங்களுடையது கரும்பச்சை ஆனது.

"அமோனியா. மீன் போற கழிவு, அழுகிப்போன தீனி, அதுல வர்ற விஷம். அதுலயே கீது பாவம். மூச்சு வாங்காம இன்னா பண்ணும்?"

"நான் வாரத்துக்கு ரெண்டு தடவ மொத்தமா கழுவுறேனே!" எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதான்க்கா தப்பு. அந்தப் பஞ்சுலதான் அந்த விஷத்தத் திங்கிற கிருமி வளரும். எங்க ஒர்க்‌ஷாப்ல கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற தொட்டிலயும் அதேதான். நீங்க குளோரின் தண்ணில பிழிஞ்சு பிழிஞ்சு அத்தனையும் கொன்னுட்டீங்க." பிறகு, குழுவில் பதினாலு பேருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தீனி போடுறீங்க?"

"காலையில ஒருதடவ, சாயங்காலம் ஒருதடவ. நாலே நாலு குருணைதான். டப்பாவுல என்ன போட்டுருக்கோ அதேதான்." இதில் நான் கெட்டி.

"அப்போ இத்தினி வராதே."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நேனு மாட்லாடினப்புடல்லா."

நான் பேசும்போதெல்லாம்.

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, உட்கார்ந்துவிட்டேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். மீன் சும்மா வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறது. இல்லையாம், பசிக்கிறதாம். ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பேச வேண்டும்; தமிழில் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? "சாப்பிட்டியா?" மறுபடி ஒரு சிட்டிகை. நமக்கெல்லாம் அது ஒரு வணக்கம். பதிலை யார் கேட்கிறார்கள்? அந்தப் பிள்ளை அதை ஒரு கேள்வி என்று நம்பியிருக்கிறாள். அவள் பேசப் பேச, அடுப்படியில் நின்று நான் பூரித்துப் பூரித்து, மீனுக்கு விஷம் வைத்திருக்கிறோம்.

என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தினமும் நாலு மணிக்குப் போன் செய்து அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதையும் நான் அவளிடம் கேட்டதில்லை. வேறு என்ன அவளுக்குத் தெரியும்?

லாலாகுடாக்காரர் வைத்தியம் சுருக்கமானது. ஒரு மருந்தும் நக்கோ, அதாவது வேண்டாம். சொட்டு விட்டால் மஞ்சள் காட்டுகிற வரைக்கும் தீனி நக்கோ. தினமும் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் முந்தின நாளே பக்கெட்டில் பிடித்துவைத்த தண்ணீராக இருக்க வேண்டும். பஞ்சைக் கழுவினால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "பொழைக்குமா?" என்றேன். "தெரியாதுக்கா" என்றார். அந்தத் தெரியாது என்ற வார்த்தை எனக்கு இப்போது மிகவும் பிடித்துப்போயிருந்தது, அன்று ஒருநாள் தவிர.

அவர் போனதும் மகளிடம், "இனிமே மீன்கிட்ட சாப்பிட்டியான்னு கேக்காத" என்றேன்.

"மரி ஏம் அடகாலி?" என்றாள். வேறு என்ன கேட்பது?

மூத்த மொழிக்காரி நான், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பார்த்தேன். "நல்லாருக்கியா?" என்று கேட்கச் சொல்லலாம். சாகக் கிடக்கிற மீனிடம் அது நக்கல். "என்ன பண்ற?" என்றால், அது என்ன பண்ணுகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "சௌக்கியமான்னு கேக்கச் சொல்லு" என்றார். கூடவே நலம், நலமறிய ஆவல் என்று ஒரு கடுதாசியும் போடலாம்.

எட்டு நாள் தீனி இல்லை. எட்டு நாள் தொட்டிப் பக்கம் பேச்சும் இல்லை. மகள் முன்னால் உட்கார்வாள், பார்ப்பாள், எழுந்து போவாள். நான் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்றினேன். சோதனைக் குழாயில் கரும்பச்சை, பச்சை ஆனது, பிறகு இளம்பச்சை. மீன் கீழே இறங்கி நீந்த ஆரம்பித்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, பயந்தேன். மீனைப் பிழைக்கவைத்து அவள் வாயை அடைத்துவிட்டோமோ என்று பயந்தேன்.

ஒன்பதாம் நாள் குழாயில் மஞ்சள் வந்தது. லாலாகுடாக்காரருக்குப் படம் அனுப்பினேன். "ஹவ், இப்போ கொஞ்சம் தீனி போடலாம்" என்று ஆமாம் போட்டுப் பதில் வந்தது. கூடவே ஒரு விதி: ரெண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான், மிச்சம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அதை மகளுக்குத் தமிழில் மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் வீட்டிலிருந்தே வேலை. ஆறு மணிக்கு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். யாரோ செய்த தப்பை எழுதிக்கொண்டிருந்தேன். அறை வாசலில் மகள் வந்து நின்றாள். மீனிடம் கேட்க முடியாமல் மிஞ்சிப்போன வார்த்தையை என்ன செய்வது என்று யோசித்திருப்பாள்போல.

"அம்மா, சாப்பிட்டியா?"

என்னைத்தான் கேட்கிறாள். தமிழில் கேட்கிறாள். அதே இழுவை. தோசைத் தட்டு இன்னும் கழுவாமல் சிங்க்கில் கிடந்தது.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

அடுப்படிக்குள் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு தட்டில் பிரெட் இரண்டு, மேலே ஓரம் வழியும் ஜாம், பக்கத்தில் நாலே நாலு முந்திரிப்பருப்பு, எண்ணி வைத்தது. என் முன்னால் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நிமிஷம்தான். மிச்சம் வச்சா எடுத்துருவேன்."

வயிற்றில் இடமே இல்லை. ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன்.